சன்னலோர வெயிலும் முகக் களிம்பும்

இல்லமும் நலமும்

"வீட்டை விட்டு வெளியே செல்வது அரிது. ஆயினும் கன்னங்களில் மங்கு படர்கிறது. எனக்கும் வெயில்காப்புக் களிம்பு வேண்டுமா? வேண்டுமாயின், இரசாயனம் கலவாத இயற்கையான களிம்பு எது?" இவ்வாறு கேட்கும் சகோதரிகள் பலர். தையல் இயந்திரத்தின் முன் நாள்தோறும் அமர்பவர்கள், வீட்டிலிருந்தே கணிப்பொறியில் பணியாற்றுபவர்கள், வகுப்பறையில் பொழுதைக் கழிக்கும் ஆசிரியைகள், பிள்ளைப்பேற்றுக்குப் பின் வீட்டில் இருக்கும் இளந்தாய்மார்கள் ஆகியோருக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. கடைக்குச் சென்றாலோ, 'சன்ஸ்கிரீன்' என்னும் பெயரில் குழாய்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பலவற்றின் மீது பச்சை இலையின் படம். 'மூலிகை', 'இயற்கை', 'தூய்மை' என்னும் சொற்கள். எதை எடுப்பது, எதை விடுப்பது?

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. வீட்டிற்குள் இருப்போர்க்குக் களிம்பு தேவைதானா என்பது ஒன்று. இயற்கை என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை, நீங்கள் அமரும் இடத்தையும் உங்கள் தோலையும் பொறுத்தது. இரண்டாவதற்கு விடை திட்டமானது: முகத்தைக் காப்பது குழாயின் மீதுள்ள இலை அன்று, உள்ளே இருக்கும் பொருளும் அதன் அளவுமேயாகும்.

சன்னல் வழியே வருவது எது?

கதிரவனின் ஒளியில், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களும் கலந்துள்ளன. நம்மை வந்தடைபவை இரு வகை. 290 முதல் 320 நானோமீட்டர் வரை அலைநீளம் உடையவை யு.வி.பி. கதிர்கள், 320 முதல் 400 நானோமீட்டர் வரை உடையவை யு.வி.ஏ. கதிர்கள். முன்னவை தோலின் மேற்பரப்பைச் சுட்டு எரிச்சல் உண்டாக்குபவை. பின்னவை அதனினும் ஆழமாக ஊடுருவித் தோலைத் தளரச் செய்து சுருக்கங்களை விளைவிப்பவை, கருமையையும் தூண்டுபவை. நிலத்தை எட்டும் புற ஊதாக் கதிர்களுள் ஏறத்தாழ 95 விழுக்காடு யு.வி.ஏ. வகையைச் சேர்ந்ததே.

சாதாரணச் சன்னல் கண்ணாடி, யு.வி.பி. கதிர்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஆகவே மூடிய கண்ணாடிக்குப் பின் அமர்ந்திருப்பவரின் முகம் எரிவதில்லை. எரியாததால் தீங்கும் இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் யு.வி.ஏ. கதிர்களில் பெரும்பகுதி அதே கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் வெளியாகும் புகழ்பெற்ற மருத்துவ ஏடு ஒன்று, 2012-ஆம் ஆண்டில், 69 வயதான சரக்குந்து ஓட்டுநர் ஒருவரின் நிழற்படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டிய அவருடைய இடக் கன்னம் மட்டும் தடித்து, ஆழ்ந்த சுருக்கங்களோடு தொங்கியிருந்தது. வலக் கன்னமோ அவ்வாறு இல்லை. அந்நாட்டில் ஓட்டுநரின் இருக்கை வண்டியின் இடப்பக்கத்தில் உள்ளது. பக்கக் கண்ணாடியின் வழியே வந்த வெயில் செய்த வேலை அது.

நம் ஊர் வீடுகளிலோ, சன்னலைச் சாத்தி வைப்பது அரிது. காற்றுக்காகத் திறந்து வைத்த கம்பிச் சன்னல் எந்தக் கதிரையும் தடுப்பதில்லை. மேலும், மாநிறமும் கருநிறமும் உடைய தோலில், கண்ணுக்குப் புலப்படும் ஒளியே, சிறப்பாக அதன் நீல, ஊதாப் பகுதிகள், கருமையை உண்டாக்க வல்லவை. கருவுற்ற காலத்திலும், ஹார்மோன் மாத்திரைகளை உட்கொள்ளும் காலத்திலும் தோன்றும் மங்கு, இவ்வொளியால் மேலும் அழுத்தமாகிறது. மருந்திட்டு மறைந்த மங்கு மீண்டும் தலைகாட்டுவதற்கும் இது ஒரு காரணம்.

அதே வேளையில் வீண் அச்சமும் வேண்டா. கணிப்பொறித் திரை, கைப்பேசி ஆகியவற்றின் ஒளியிலிருந்து காத்துக்கொள்ளக் களிம்பு வேண்டும் என்று விளம்பரங்கள் கூறுவதுண்டு. பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் இவற்றின் ஒளி மிகச் சிறியது. இதற்கென்று தனியே பணம் செலவிட வேண்டியதில்லை.

களிம்புக்கு முன் திரைச்சீலை

எனவே கடைக்குச் செல்லுமுன் வீட்டைச் சற்றே சுற்றிப் பாருங்கள். தையல் இயந்திரமோ மேசையோ சன்னலை ஒட்டி இருந்தால், சில அடிகள் உள்ளே தள்ளிப் போடுங்கள். வெயில் நேரே விழும் வேளையில் மட்டும் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே இதற்குப் போதுமானது. இதனால் முகத்தில் விழும் ஒளி வெகுவாகக் குறையும், அறையும் குளிரும்.

வெயில் நேரே விழாத அறையில் பணிபுரிந்து, மங்கும் வேறு தோல் நோயும் இல்லாதிருப்பவர், வீட்டிற்குள் இருக்கும் பொழுதுக்கென்று களிம்பு பூசாவிடினும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பின்வருவோர் நாள்தோறும் பூசுவது நலம்: மங்கு உள்ளவர்கள், அதற்கு மருத்துவம் செய்துகொள்பவர்கள், சன்னலோரமாகவோ வண்டியின் சன்னல் இருக்கையிலோ நெடுநேரம் அமர்பவர்கள், லூப்பஸ் என்னும் நோய் உள்ளவர்கள். டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளும், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில நீர் மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்கும். அவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மற்றுமொன்றை நினைவிற் கொள்க. 'வீட்டிலேயே இருக்கிறேன்' என்று சொல்லும் குடும்பத் தலைவியின் நாள் முழுவதும் வீட்டிற்குள் கழிவதில்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறார். வற்றலும் வடகமும் காயவைத்துக் காக்கை விரட்டுகிறார். பள்ளி வாயிலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கிறார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார். புற ஊதாக் கதிர்களின் வலிமையைக் குறிக்கும் அளவெண் 3-ஐ எட்டினால் காப்பு வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. தமிழ்நாட்டில் மேகமற்ற நண்பகலில் இவ்வெண் ஆண்டின் எல்லா மாதங்களிலும் 3-ஐ எளிதில் தாண்டிவிடும். ஆகவே மாடிக்குச் செல்வதை, இயன்றவரை காலை 9 மணிக்கு முன்போ, மாலை 4 மணிக்குப் பின்போ வைத்துக்கொள்வதும், தலையில் முந்தானையோ குடையோ கொள்வதும் எக்களிம்பினும் குறைந்தவை அல்ல.

'இயற்கை' என்னும் சொல்

சந்தனம் குளிர்ச்சி தருவது. மஞ்சள் நம் மரபில் மதிப்புடையது. சோற்றுக் கற்றாழை வறண்ட தோலுக்கு இதமளிப்பது. ஆனால் இவற்றுள் எதுவும் வெயிலைத் தடுக்கும் திரை அன்று. தேங்காய் எண்ணெய், காரட் விதை எண்ணெய் முதலியவை வெயிலைத் தடுக்கும் என்று சிலர் கூறுவர். எண்ணெயைக் கரைத்து ஆய்வுக் குடுவையில் அளந்து பெற்ற சிற்றெண்களை வைத்து, முகத்தில் பூசிய எண்ணெயின் காப்பை மதிப்பிட இயலாது. வீட்டிலேயே துத்தநாகப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசும் வழக்கமும் பரவி வருகிறது. பொடி சீராகப் பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும்; இடையிடையே காப்பற்ற இடங்கள் இருக்கும். அதன் காப்பு எவ்வளவு என்று அளந்து சொல்வாரும் இல்லை.

இயற்கைப் பொருள்களுள் சில, காப்பதற்கு மாறாகத் தீங்கே செய்யும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் சென்றால், தோல் வெந்து, பின் பல வாரங்கள் கருந்தழும்பு நிற்பதுண்டு. எலுமிச்சை இனக் கனிகளில் உள்ள ஒருவகைப் பொருள் யு.வி.ஏ. கதிரோடு சேர்ந்து தோலைச் சுடுவதே காரணம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியும் இத்தகையதே. தோலை ஒளியை ஏற்கச் செய்யும் அக்குணத்தால்தான், வெண்புள்ளி நோய்க்கு அதனை நம் மருத்துவ முறைகளில் பயன்படுத்தி வந்தனர். குளியல் பொடியில் கார்போகரிசி சேர்ப்போர், மங்கு உள்ள முகத்தில் அப்பொடியை ஊறவிடாதிருத்தல் நன்று.

அவ்வாறாயின் இயற்கையானது என்று சொல்லத்தக்க காப்புப் பொருள் ஏதேனும் உண்டா? தாதுவிலிருந்து கிடைக்கும் இரண்டு வெண்பொடிகளைப் பலரும் அப்பெயரால் அழைக்கின்றனர். ஒன்று ஜிங்க் ஆக்சைடு எனப்படும் துத்தநாக ஆக்சைடு. மற்றொன்று டைட்டானியம் டைஆக்சைடு. வேர்க்குருவுக்கும் அரிப்புக்கும் நாம் பூசும் காலமைன் நீர்மத்தின் முதன்மைப் பொருள் துத்தநாக ஆக்சைடுதான். அதன் இளஞ்சிவப்புக்குக் காரணம் சிறிதளவு இரும்பு ஆக்சைடு. எனினும் காலமைன் நீர்மம் வெயில்காப்புக்கென அளந்து செய்யப்பட்டதன்று; அதை மாற்றாகக் கொள்ளலாகாது.

டைட்டானியத்தின் பிறப்பிடம் நம் கண்முன்னே உள்ளது. குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் என்னும் தாது கலந்துள்ளது. அதிலிருந்தே டைட்டானியம் டைஆக்சைடு செய்யப்படுகிறது. வீட்டுச் சுவரின் வெள்ளைச் சாயத்திலும் அதுவே உள்ளது. ஆனால் கருமணல் வெண்பொடியாக மாறுவதற்குள் கந்தக அமிலம் போன்ற கடும் பொருள்களையும் பெரிய ஆலைகளையும் கடந்து வரவேண்டும். துத்தநாக ஆக்சைடும், உலோகத்தை ஆவியாக்கி எரித்து ஆலையில் செய்யப்படுவதே. மண்ணில் பிறந்தது என்ற பொருளில் இவை இயற்கை. இரசாயனத் தொழிற்சாலையைக் காணாதவை என்ற பொருளில் அல்ல. 'இரசாயனம் அற்ற' சன்ஸ்கிரீன் என்பது வெறும் விளம்பரச் சொல்லே.

இவற்றை நாம் நாடுவதற்கு வேறு தக்க காரணங்கள் உள்ளன. இவை தோலின் மேலேயே தங்கி, புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சி, சிறு பகுதியைச் சிதறடிக்கின்றன. எரிச்சலும் ஒவ்வாமையும் உண்டாக்குவது அரிது. அமெரிக்க உணவு, மருந்து ஆணையம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட முன்மொழிவில், பாதுகாப்பும் பயனும் போதிய அளவில் நிறுவப்பட்டவை என இவ்விரண்டையே குறிப்பிட்டது. ஆக்சிபென்சோன் போன்ற வேறு சில பொருள்கள் தோலின் வழியே குருதியில் கலப்பது 2019, 2020-ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளில் தெரியவந்தது; அவற்றைப் பற்றி மேலும் சான்றுகளை அவ்வாணையம் கோரியுள்ளது. குருதியில் கலப்பதனாலேயே தீங்கு என்று அவ்வாய்வுகள் கூறவில்லை. ஆயினும் கருவுற்ற தாய்மாரும், மென்மையான தோல் உடையோரும் தாதுக் களிம்பைத் தெரிந்தெடுப்பது தகும்.

குழாயின் பின்புறத்தைப் படியுங்கள்

முகப்பை விட்டு, பின்புறத்துச் சிற்றெழுத்துகளைப் படியுங்கள். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு என்னும் பெயர்கள் உள்ளனவா எனப் பாருங்கள். யு.வி.ஏ. கதிரைத் தடுப்பதில் துத்தநாகம் வல்லது. ஆதலால் சன்னலோர வெயிலுக்கு டைட்டானியம் மட்டும் உள்ளதைவிடத் துத்தநாகம் உள்ளதே ஏற்றது.

எஸ்.பி.எஃப். என்னும் எண், பெரும்பாலும் யு.வி.பி. கதிரைத் தடுக்கும் ஆற்றலையே காட்டுகிறது. 15 என்றால் ஏறத்தாழ 93 விழுக்காடும், 30 என்றால் 97 விழுக்காடும், 50 என்றால் 98 விழுக்காடும் தடுக்கும். எண் இருமடங்கானால் காப்பு இருமடங்காவதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். வீட்டில் இருப்போர்க்கு 30 போதும். அதனினும் முக்கியமானது பி.ஏ. என்னும் குறி. அதன் அருகிலுள்ள கூட்டல் குறிகள் யு.வி.ஏ. காப்பைக் காட்டுவன. மூன்று கூட்டல் குறிகளேனும் இருக்கட்டும்.

மங்கு உள்ளோர்க்குச் சிறப்பான குறிப்பு ஒன்று. தோல் நிறத்தில் சாயமேற்றிய களிம்பைக் கேளுங்கள். அச்சாயம் இரும்பு ஆக்சைடே; காவிக்கல்லுக்கு நிறம் தரும் அதே பொருள். கண்ணுக்குப் புலப்படும் ஒளியை வெண்பொடிகள் தனித்துத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு தடுக்கிறது. வெண்களிம்பு பூசினால் நம் நிறத்துக்குச் சாம்பல் படிந்தாற்போல் தோன்றும் குறையும் இதனால் நீங்கும். கடையில் கன்னத்தின் ஓரத்தில் சிறிது தடவி, பகல் வெளிச்சத்தில் பார்த்து, உங்கள் நிறத்துக்கு ஒத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நறுமணம் சேர்த்தவற்றை, அது பூவின் எண்ணெயே ஆயினும், தவிர்ப்பது நன்று. முகப்பரு உள்ளோர் எண்ணெய்ப்பசை இல்லாததை நாடுக. தூளாகவும் தெளிப்பானாகவும் வருபவை மூச்சில் கலக்கும். குழைவாக உள்ளதே ஏற்றது. உற்பத்தி உரிம எண்ணும் காலாவதி நாளும் அச்சிடப்படாத பொருளைத் தொடாதீர்கள். விலை மிகுந்தது சிறந்தது என்பதும் இல்லை. வாங்கியதை முழங்கையின் உட்புறத்தில் மூன்று நான்கு நாள்கள் தடவிப் பார்த்து, அரிப்பில்லை எனக் கண்டபின் முகத்தில் இடுங்கள்.

பூசும் முறை

பலர் பயறளவு எடுத்துத் தடவிவிட்டு, களிம்பு பயன் தரவில்லை என்று குறை கூறுவர். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நீள அளவுக்குப் பிதுக்கியெடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். அளவு குறைந்தால், எழுதிய எண்ணின் காப்புக் கிடைக்காது. காலையில் முகம் கழுவி, ஈரம் உலர்ந்தபின் இரு தடவையாகப் பூசுங்கள். காதையும் பிடரியையும் மறவாதீர்கள். வீட்டிற்குள்ளேயே இருக்கும் நாளில் காலையில் ஒருமுறை பூசினால் போதும். முகம் கழுவினாலோ, அடுப்படியில் வியர்த்து வழித்துத் துடைத்தாலோ மீண்டும் பூசுக. நண்பகலில் வெளியே செல்ல நேர்ந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை பூச வேண்டும். இரவில் நன்கு கழுவிவிடுங்கள்.

ஆறு திங்கள் நிறையாத குழந்தைக்குக் களிம்பு பூசலாகாது. நிழலும் மெல்லிய துணியுமே அதற்குக் காப்பு. வீட்டிற்குள்ளேயே அடைந்து கிடப்போர்க்கு வைட்டமின் டி குறைவு ஏற்படுவதுண்டு. அதற்காக முகத்தை வெயிலில் காட்ட வேண்டியதில்லை. கைகளிலும் கால்களிலும் சிறிது வெயில் பட நடந்தால் நன்று. குறைவு மிகுதி எனில் மருத்துவர் மருந்து தருவார்.

நிறம் ஒரு குறையன்று

இவ்வளவும் தோலின் நலம் பற்றியது. அதை வெளுக்கச் செய்வது பற்றியதன்று. இவ்வேறுபாட்டை நாம் மறந்தால் பேராபத்து நேரும். மங்குக்காகக் களிம்பு தேடிச் செல்லும் பெண்ணுக்கு, 'இயற்கையானது, ஏழே நாளில் வெளுக்கும்' என்று பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவைக் கொடுப்போர் உண்டு. இத்தகையவற்றுள் சிலவற்றில் பாதரசமும், சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தும் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், 2021-க்கும் 2023-க்கும் இடையில் சிறுநீரக நோயுற்று வந்தோரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் பலருடைய நோய்க்கு முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளோடு தொடர்பிருப்பதைக் கண்டனர். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைச் சென்று தாக்கியது. ஸ்டீராய்டோ, முதலில் பளபளப்பைத் தந்து, பின் தோலை மெலியச் செய்து, நிறுத்தினால் எரியவும் வைக்கும். இதனால் தோலில் பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவண் அரசு 2018-ஆம் ஆண்டு விதித்தது. ஆகவே விரைவில் வெளுக்கும் என்று சொல்லும் எக்களிம்பையும் வீட்டிற்குள் விடாதீர்கள். ஏற்கெனவே பூசி வருவோர் தாமே நிறுத்திவிட்டுத் துன்புறாமல், தோல் மருத்துவரிடம் டப்பாவையே எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இவ்வாபத்துக்கு வழி திறப்பது பெரும்பாலும் நம் இல்லத்துப் பேச்சே. "வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய், உன்னை யார் கட்டிக்கொள்வார்?" என்று மகளிடம் கூறாத வீடுகள் எத்தனை? பெண் பார்க்க வருவோரின் ஒரு சொல்லுக்கு அஞ்சி, பதினெட்டு வயதுப் பிள்ளை மறைவாக ஒரு டப்பாவை வாங்குகிறாள். இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் ஒரு பெண்ணைக் காண்கிறோம். உடன்பிறந்தார் திராட்சைத் தோட்டத்துக்குக் காவலாக வைத்ததால் வெயிலில் கறுத்தவள் அவள். தன் கருமையையும் தன் அழகையும் ஒருசேரச் சொல்லிக்கொள்கிறாள். அதற்காக அவள் நாணவில்லை. அந்நூலைத் திருமறையின் ஒரு பகுதியாகப் போற்றும் நாம், நம் வீட்டுப் பெண்ணின் நிறத்துக்காக அவளை நாணச் செய்தல் முறையாமோ?

உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று புனித பவுல் கொரிந்து நகர மக்களுக்கு எழுதினார். ஆலயத்தின் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. கருங்கல்லால் கட்டிய கோவிலை வெண்கல்லால் கட்டவில்லையே என்று வருந்துவது கடமையன்று. மங்குக்கு மருந்திடுங்கள், வெயிலுக்குத் திரையிடுங்கள், தேவையெனில் துத்தநாகம் கலந்த களிம்பை அளவறிந்து பூசுங்கள். இளம் பெண்கள் உள்ள இல்லத்தில், அவர்கள் எந்தக் களிம்பைப் பூசுகிறார்கள் என்பதை அன்னையர் இந்த வாரமே அன்போடு கேட்டறிந்து, அக்குழாயின் பின்புறத்தை அவர்களோடு சேர்ந்து படித்துப் பாருங்கள்.